நூல் சிக்கிய இடம்

கார்த்தாகோவில் மழை மூன்று மணிக்கு வரும்.
பிந்தியதில்லை.
இரண்டரைக்கே மண்மேடுகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு
சைக்கிளைத் தோளில் போட்டு வருகிறேன்.
உருட்டினால் எரிமலைச் சேறு
வீடு வரை கூடவே வரும்.

ஹோஸ் கிடையாது.
பீய்ச்சுகிற தண்ணீர் அழுக்கை விரட்டாது,
பேரிங்குக்குள் குடிவைத்துவிடும்.
ஒரு வாளி, பழைய பல்துலக்கி, கிழிந்த பனியன்.
பனியன் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.
ஏன் என்று பிறகு.

கழுவித் துவட்டியதும்
முழ உயரத்திலிருந்து நழுவ விடுவேன்.
விழுந்து எழும்போது அது பேசும்.
கடகட என்றால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது.
லொடலொட, செயின்.
சக்கரத்தைச் சுற்றினால் நறநற, பேரிங்கில் மணல்.
கிறீச் என்றால் சீட். அதை விட்டுவிடலாம்,
அதில் யார் உட்காரப் போகிறார்கள்?
அந்தரத்தில் முழங்காலால் கவ்வ ஒரு பிடி, அவ்வளவே.
நல்ல சைக்கிளுக்கு ஒரே சொல்:
டப்.
ரப்பர் தரை தொட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

பிரேக் பின்னால் மட்டும்.
அதுவும் நிற்பதற்கு இல்லை.
காற்றில் மூக்கு ஏறினால் ஒரு சிட்டிகை அழுத்துவேன்,
முன்சக்கரம் தலைகுனியும்.

டயருக்கு முன்னால் அறுபது, பின்னால் அறுபத்தைந்து.
க்ரெய்வின் எழுபது வைக்கிறான். கல் மாதிரி இருக்கும்,
அவனைப் போலவே.

ஸ்டெம் போல்ட்டுகளை எதிரெதிராய்த் திருக வேண்டும்,
கால் திருகு, கால் திருகு.
ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால்
மற்றது பொறாமையில் இளகும்.
ஆரக்கால் முப்பத்தாறு. விரலால் தட்டிக்கொண்டே போனால்
பதினேழாவது மட்டும் சுருதி விலகும்.
வாரந்தோறும் இறுக்குகிறேன்.
வாரந்தோறும் திருந்தியதுபோல் நடிக்கிறது.

கைப்பிடி ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஹேர் ஸ்ப்ரேதான்.
நுழையும்வரை வழுக்கும், காய்ந்தால் பிசின்.
கடைக்காரி சீனியா ஒவ்வொரு டப்பாவுக்கும்
"கல்யாணமா?" என்கிறாள்.
ஆமாம், ஞாயிற்றுக்கிழமை.

இப்போது பனியன்.
பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாய்,
அவசரமில்லாமல், உலர்ந்த துணியால்.
துரு வெள்ளையில் மஞ்சளாய்த் தெரியும்.
கண்ணுக்குத் தப்பிய விரிசல்
நூலைப் பிடித்து இழுக்கும்.

வெள்ளி இரவு,
கீழ்க்குழாய் கழுத்தைச் சேரும் இடத்தில்
நூல் நின்றது.
பெயிண்ட் கீறலாய் இருக்கலாம். நகத்தால் சுரண்டினேன்.
பெயிண்ட் போயிற்று.
கோடு போகவில்லை.
மயிரிழை அகலம், ஓர் அரிசி நீளம்.

இந்தச் சட்டத்தில்தான் பணம் தருகிற கம்பெனியின் பெயர்
கொட்டை எழுத்தில் ஓடுகிறது.
ஞாயிறு போட்டோவுக்கு இந்த நிறம்தான் வேண்டுமாம்.
அரிசி நீளம்தானே,
ஒரு குரல் சொன்னது. என் குரல்தான்.
இரண்டாம் மேட்டுக்கும் மூன்றாம் மேட்டுக்கும் நடுவே
ஆறு மீட்டர் வெறும் காற்று.

பதினொரு மணிக்கு க்ரெய்வினைக் கூப்பிட்டேன்.
ஞாயிறு என்னைத் தோற்கடிக்க வேண்டியவன்
தன் போன வருடச் சட்டத்தை முதுகில் கட்டிக்கொண்டு
மழையில் வந்தான்.
"அரை அங்குலம் நீளம், யென்ரி. கை எட்டாது, திட்டுவாய்."
"திட்டுவேன்."
"ஜெயிச்சா திருப்பிக் கொடு. தோத்தா நீயே வச்சுக்கோ."

ஒன்றொன்றாய்க் கழற்றி ஒன்றொன்றாய் மாட்டினோம்.
அவன் கிரீஸை வெண்ணெய்போல் அப்புகிறான், கண்றாவி.
பிறகு பழையதை ரம்பத்தால் அறுத்தோம்.
முழுசாய் வெளியே வைத்தால்
தெருப் பையன் எவனாவது எடுத்துப் பறப்பான்.
கம்பெனிப் பெயரின் நடுவெழுத்தில்
ரம்பம் இறங்கியபோது இருவரும் சிரிக்கவில்லை.

இரண்டரை மணி.
முழ உயரத்திலிருந்து நழுவ விட்டேன்.

டப்.

பின்னாலேயே, தயங்கி,
கிறீச்.

"சீட்டு," என்றான்.
விட்டுவிட்டோம்.